அகர வரிசையில் எட்டு எலிகள்

பிப்ரவரி 22, சனி

பார்சல் வந்துவிட்டது. வந்தே விட்டது!

இருபத்தாறு நாள் காத்திருந்தேன். கூரியர் அண்ணன் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, உள்ள வெறும் காத்தா?" என்றார். "மூளைண்ணா" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஆராய்ச்சி செய்கிறவன் முதல் நாளிலிருந்தே நோட்டு வைத்திருக்க வேண்டும் என்று யூடியூப்பில் மூளை பற்றிப் பேசும் நியூரோ மச்சான் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் யாராவது படிப்பார்கள் என்பதால் முறைப்படி எழுதுகிறேன். பெயர் லோகித். வயது பத்தொன்பது. ஊர் சென்னை, கொளத்தூர். படிப்பு: பி.காம். முதல் வருடத்தில் பாதி, மீதி எல்லாம் யூடியூப். பெப்டைடுகளைப் பற்றிப் பதினேழு ஆய்வுக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்திருக்கிறேன். பதினேழும் எலிகளை வைத்துச் செய்தவை.

புரதம் ஒரு முழம் மல்லிகைச் சரம் என்றால், அதிலிருந்து நாலே நாலு பூவைக் கிள்ளி எடுத்தால் அது பெப்டைடு. அந்த நாலு பூ மூக்கு வழியாக மூளைக்குப் போய், தூங்கிக்கொண்டிருக்கும் நரம்பு முனைகளைத் தட்டி எழுப்பும். இந்த உவமை என்னுடையது. மச்சான் நடத்தும் 'மூளைப் பட்டறை' டெலிகிராம் குரூப்பில் போட்டேன். நியூரோ மச்சானே இதயம் போட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

குப்பி விரல் நுனி அளவு. அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். 'சினாப்-9', ஞாபகசக்திக்கு. கீழே பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருக்கிறது. அதெல்லாம் சட்டத்துக்காகப் போடுவது.

எல்லாம் அக்காவுக்காகத்தான். ரக்ஷனா அக்கா மே 4 அன்று நீட் எழுதுகிறாள். மூன்றாவது தடவை. போன தடவை பதினெட்டு மார்க்கில் போய்விட்டது. அப்பா ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் ஒரு முறைதான் வருவார். பொங்கலுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இதான் கடைசி. வரலைன்னா அம்மாகூட மெஸ்ஸப் பாத்துக்கட்டும்." அக்கா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள்.

நான் முட்டாள் இல்லை. நேராக அக்காவுக்குக் கொடுக்க மாட்டேன். முதலில் எலி.

"எலிக்கு வேலை செஞ்சாதான் உனக்கு" என்றேன்.

"எவ்ளோ நாளாகும்?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசத்துல பரீட்சையே வந்துடும்டா."

"சயின்ஸ்னா அப்படித்தான்கா."

பிப்ரவரி 23, ஞாயிறு

எட்டு வெள்ளை எலிகள் வாங்கினேன். மார்க்கெட்டில் மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. கடைக்காரர், "பாம்புக்கா தம்பி?" என்றார்.

"இல்லண்ணா. ஆராய்ச்சிக்கு."

"எதுவா இருந்தா என்ன. திரும்பி வரப் போறதில்ல."

அவருக்கு அறிவியல் தெரியாது.

பிப்ரவரி 24, திங்கள்

முக்கியமான நாள். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்பது சோதனை செய்கிறவனுக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். அதனால் தூளைக் கரைத்துப் பாட்டில் நிரப்பும் வேலையை அக்காவிடம் கொடுத்தேன். வெளியே நின்றேன். இரண்டு சொட்டு மருந்து பாட்டில்களோடு வந்தாள். ஒன்றில் 'அ', இன்னொன்றில் 'ஆ' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள். எது எது என்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, தன் பயாலஜி கைடுக்குள் வைத்துக்கொண்டாள்.

நாலு எலியின் வாலில் ஒரு கோடு, நாலு எலிக்கு இரண்டு கோடு. அ-1 முதல் அ-4, ஆ-1 முதல் ஆ-4. தினமும் காலையில் மூக்கில் ஒரு சொட்டு.

அ என்று எழுதிய பாட்டிலைக் கொடுக்கும்போது அக்கா என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அதில்தான் மருந்து என்று நினைக்கிறேன். நினைக்கக் கூடாது. நினைக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

எலிக்கு ஞாபகசக்தி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கலங்கலான தண்ணீரில் ஒரு சின்ன மேடையை மறைத்து வைக்க வேண்டும். எலியை ஓரத்தில் விட வேண்டும். அது நீந்தி நீந்தி மேடையைக் கண்டுபிடித்து ஏறி நிற்கும். அடுத்த நாள் ஞாபகம் இருந்தால் சீக்கிரம் போய் ஏறும். எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு.

வெளிநாட்டில் தண்ணீரைக் கலங்கலாக்கப் பால் பவுடர் போடுகிறார்கள். அம்மாவிடம் கேட்டேன்.

"எலி குளிக்கப் பால் பவுடரா? என் வாயில நல்லா வருது."

அப்போதுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் அம்மா மெஸ் நடத்துகிறாள். மதியம் நாற்பது பேர். தினமும் இரண்டு குண்டான் சோறு வடிக்கிறாள். வடிகஞ்சி! வெள்ளை வெளேர் என்று! உலகத்தில் எந்த லேபிலும் இது கிடையாது.

"மாட்டுக்காரம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

"உன் பொண்ணு டாக்டராக கஞ்சி போயிடுச்சுன்னு சொல்லு."

அம்மா சிரித்துவிட்டாள். "சரி எடுத்துக்கோ. சூட்டோட தண்ணியில கரைச்சுடு. ஆறிச்சுன்னா கூழாயிடும்" என்றாள். அதற்குள் நான் குண்டானோடு மாடிப்படியில் பாதி தூரம் போய்விட்டேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன். மேடை: கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் டம்ளர், தண்ணீருக்கு ஒரு விரல் கீழே. ஸ்டாப்வாட்ச்: போன்.

மார்ச் 3, திங்கள்

நேர அட்டவணை படு கச்சிதமாகிவிட்டது. பன்னிரண்டரைக்குக் கஞ்சி கரைப்பேன். அ-1, அ-2, அ-3, அ-4. ஒரு மணிக்கு மெஸ்ஸில் பரிமாறக் கீழே போக வேண்டும், இல்லையென்றால் அம்மா கரண்டியோடு மேலே வந்துவிடுவாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து ஆ-1 முதல் ஆ-4. எதிலும் ஒழுங்கு வேண்டும் என்பதால் அகர வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

அ: சராசரி 41 விநாடி. ஆ: 52.

மார்ச் 7, வெள்ளி

அ: 29. ஆ: 50. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்!!

அ-2 முதல் தடவை 48 எடுத்தது. அந்த நேரம் பார்த்து சந்தில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனதால் கணக்கில் சேர்க்கவில்லை. திரும்ப விட்டேன். 26.

மார்ச் 12, புதன்

சொட்டு விட்டதும் எலிகள் தும்முகின்றன. குரூப்பில் எழுதினேன்: 'தும்மல் என்பது மருந்து மூளையின் கதவைத் தட்டும் சத்தம். பயப்படாதீர்கள்.' அறுநூறு பேர் லைக். நியூரோ மச்சான் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். என் பெயரோடு!

அக்காவும் காலையிலிருந்து தும்மிக்கொண்டிருக்கிறாள். "உனக்கும் யாரோ கதவத் தட்டறாங்க போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மாடித் தூசு.

மார்ச் 18, செவ்வாய்

அ: 19. ஆ: 54.

மாடியிலிருந்து ஓடி வந்து அக்காவிடம் கத்தினேன். கோச்சிங்கில் கொடுத்த மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 432. போன வாரத்தைவிடப் பத்து அதிகம்.

"பத்தொன்பதா?" என்றாள். "அ-வா?"

"அ-தான்கா! எது மருந்துன்னு நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத. ஆனா மூஞ்சியப் பாத்தா தெரியுது."

"என் மூஞ்சியில என்ன தெரியுது?"

"ஷாக்."

மார்ச் 27, வியாழன்

அக்காவுக்கு மூக்கில் ரத்தம். அம்மா நுங்கு வாங்கி வந்தாள். "வெயில்ல மாடிக்குப் போவாதடின்னா கேக்கறியா? ராவெல்லாம் முழிப்பு, சூடு ஏறிப் போச்சு." அக்கா மாடிக்கு வந்து இரண்டு வாரமாகிறது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை, பேச்சு நீளும்.

அ: 14.

ஏப்ரல் 2, புதன்

மாதிரித் தேர்வில் அக்கா 398. நான் தைரியம் சொல்லலாம் என்று, "அ-3யப் பாருக்கா, பதினோரு செகண்டு. உன்னவிட அதுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி" என்றேன். ஜோக்குக்குத்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனாள். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் தும்மல்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆ-2 செத்துவிட்டது.

விட்டு இரண்டு நிமிடம் இருக்கும். நடுவிலேயே கையைக் காலை அடித்துக்கொண்டு நின்றது. நான் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தேன். எடுப்பதற்குள் முங்கிவிட்டது, கரண்டியால்தான் அள்ளி எடுத்தேன். துணி உலர்த்துவதற்காக மேலே வந்த அம்மா டிரம்மை எட்டிப் பார்த்து, "ஆடை கட்டிருக்கு பாரு. பாவம், அதுல எப்படிடா நீந்தும்?" என்றாள். "மருந்து இல்லாத எலி அப்படித்தாம்மா" என்றேன்.

முருங்கை மரத்தடியில் புதைத்தேன். குரூப்பில் எழுதினேன்: 'மருந்து கிடைக்காத எலிக்கு நீந்துவதே மறந்துவிட்டது.' ஆயிரத்து நூறு லைக். நெருப்பு இமோஜியாக வந்து கொட்டுகிறது.

'பிங்க் ஸ்டெத்' என்று ஒரு பெண். வெட்டினரி காலேஜில் படிக்கிறாளாம். 'எந்த குரூப்பை முதலில் விடுகிறீர்கள்? வரிசையை மாற்றிப் பார்த்தீர்களா?' என்று கேட்டிருந்தாள். 'காலேஜ் போனால்தான் அறிவியல் என்று நினைக்கிறீர்களா மேடம்?' என்று பதில் போட்டேன். எல்லோரும் சேர்ந்து ஓட்டினார்கள். மச்சான் அவளைக் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்று சீட்டைத் திறந்தோம். அக்காவிடம் கேட்டபோது கைடைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். "தொலைஞ்சிடுச்சுன்னு நெனைக்கறேன்" என்றாள். நான் வாங்கிப் புரட்டினேன். மூளை பற்றிய பாடத்தில் இருந்தது.

'அ – மருந்து. ஆ – உப்புத் தண்ணி.'

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உண்மையாகவே. பி.காம். பாதியில் விட்டவன். எவ்வளவு பேர் சிரித்திருப்பார்கள்.

"இப்ப உனக்கு ஆரம்பிச்சிடலாம்கா. இன்னும் பதினாறு நாள் இருக்கு. குப்பியில மிச்சம் எவ்ளோ?"

"தீந்துடுச்சு" என்றாள். "எலிக்கே எல்லாம் போயிடுச்சு."

என் தப்பு. இரண்டு குப்பி வாங்கியிருக்க வேண்டும். அக்கா என் தலையில் கை வைத்து, "விடுடா" என்றாள். கை சுட்டது. கன்னம் சிவந்திருந்தது.

ஏப்ரல் 19, சனி

நியூரோ மச்சானின் நேரலையில் நான்!!! நாலாயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். என் வரைபடத்தை ஸ்கிரீன் முழுக்கக் காட்டினார். அ கோடு கீழே இறங்குகிறது, ஆ கோடு மேலேயே நிற்கிறது. "கொளத்தூர்லேர்ந்து ஒரு விஞ்ஞானி, கைதட்டுங்க மக்களே" என்றார். முடிவில் அவருடைய கடை லிங்கையும் போட்டார். ஒரு மணி நேரத்தில் ஸ்டாக் காலி.

தருமபுரியிலிருந்து ஒருவர் மெசேஜ் செய்திருக்கிறார். பெயர் மாதையன். 'தம்பி, பையன் நல்லா படிப்பான். மறதிதான். அடுத்த வருஷம் நீட். வாங்கலாமா?' டிபியில் அவரும் பையனும் ஒரு டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

'கண்டிப்பா சார். டேட்டா பாருங்க. எலி பொய் சொல்லாது' என்று போட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அக்கா 371. சாப்பிடுவதில்லை. பென்சில் விழுந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. அம்மா கோயிலில் பேனா வைத்து வாங்கி வந்தாள். பரீட்சை ஹாலுக்குள் சொந்தப் பேனா விட மாட்டார்கள் என்று நான் சொன்னதற்கு முறைத்தாள்.

மே 4, ஞாயிறு

பரீட்சை முடிந்தது.

கேட்டுக்கு வெளியே அம்மாவும் நானும் குடையோடு நின்றோம். எல்லோரும் வந்தார்கள். கடைசியாக ஒரு போலீஸ்காரம்மா அக்காவைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். டிரஸ் முன்பக்கம் எல்லாம் ரத்தம். எங்களைப் பார்த்ததும் வாந்தி எடுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"விடைத்தாள்ல பட்டுடுச்சும்மா. தொடைச்சேன். தொடைச்சதுல இன்னும் பரவிடுச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரஷர் இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறதாம். மூக்குக்குள் புண்.

டாக்டர் அக்காவிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். "நீதான் தம்பியா? அந்தப் பவுடர்ல என்ன இருக்கு?"

"சினாப்-9, டாக்டர்."

"அது பேரு. என்ன இருக்குன்னு கேட்டேன்."

மே 5, திங்கள்

அம்மா கஞ்சி வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தாள். நானும் அக்காவும் மட்டும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மிச்சத்த எடுத்துப் போட்டுக்கிட்டியாக்கா? சொல்லியிருக்கலாம்ல?"

"மிச்சம் இல்லடா. மொத்தமும் நான்தான்."

"அப்ப எலிக்கு?"

"எலிக்குப் போடவே இல்ல. ரெண்டு பாட்டில்லயும் உப்புத் தண்ணிதான். மொத நாள்லேர்ந்து."

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீ ரெண்டு மாசம்னு சொன்ன. எனக்கு அவ்ளோ நாள் எங்கடா இருக்கு? சீட்டு எழுதும்போது நெஜமாத்தான் எழுதினேன். ஊத்தும்போது மனசு மாறிடுச்சு. எலிக்கு எதுக்கு, அதுவா பரீட்சை எழுதப் போவுதுன்னு."

"ஆனா அ-எலிங்க... ஒம்பது செகண்டு வரைக்கும்..."

"அதான்." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நீ டெய்லி மேலேர்ந்து ஓடி வந்து கத்துவ. பத்தொம்பதுக்கா, பதினாலுக்கா, பதினொண்ணுக்கா. எனக்குத்தானே தெரியும் அது உப்புத் தண்ணின்னு. உப்புத் தண்ணி போட்ட எலிக்கே ஞாபகம் வருது. எனக்கு மருந்து போட்டும் நிக்க மாட்டேங்குது. சிலது பொறக்கும்போதே அப்படித்தான் போலன்னு நெனச்சேன். அது அ. நான் ஆ. நீ ஒவ்வொரு தடவ கத்தும்போதும் அன்னைக்கு ரெண்டு சொட்டு சேத்துப்பேன்."

அம்மா தூக்குவாளியோடு வந்தாள். பேச்சை நிறுத்திவிட்டோம்.

மே 7, புதன்

இரண்டு நாளாக யோசிக்கிறேன். எல்லாம் உப்புத் தண்ணீர் என்றால் அ எப்படி ஜெயித்தது? அக்காவிடம் போய், எலிக்கு ஒன்றும் தெரியாது, நீ முட்டாள் இல்லை என்று சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

பிங்க் ஸ்டெத் கேட்டதைத் தேடினேன். குரூப்பில் இல்லை, அழித்திருக்கிறார்கள். ஆனால் ஞாபகம் இருந்தது.

அம்மா இன்றுதான் மெஸ்ஸைத் திறந்தாள். பன்னிரண்டரைக்குக் கஞ்சி கரைத்தேன். ஆ-வை முதலில் விட்டேன்.

ஆ-1: 12. ஆ-3: 10. ஆ-4: 9.

பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு வந்தேன். அ-3, என் சாம்பியன். ஓரத்திலேயே மிதந்தது. காலை அடித்தது. நகரவில்லை. நாற்பது விநாடி ஆனதும் பயந்து கையை விட்டு எடுத்தேன்.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தத் தண்ணீருக்குள் என் கையை விடுகிறேன். இதுவரை எலியை ஓரத்தில் விடுவேன், டம்ளரில் ஏறியதும் வாலைப் பிடித்துத் தூக்குவேன், அவ்வளவுதான். முழங்கை வரை வழவழவென்று ஒட்டியது. விரலிடுக்கில் கூழ். மேலே தோல் மாதிரி ஆடை.

சூடாக இருக்கும்போது தண்ணீர். மூன்று மணிக்குக் கூழ். தினமும் அ தண்ணீரில் நீந்தியது. ஆ கூழில் நீந்தியது. நான் அகர வரிசையில் விட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே போய் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "மொத நாளே சொன்னனே. சோறு வடிக்கறவளுக்குத் தெரியாதா? நீதான் இங்கிலீஷ்ல படிச்சிட்டிருந்த."

ஆ-2வை நினைத்துக்கொண்டேன்.

மே 8, வியாழன்

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஒருக்களித்துப் படுத்துத் தூங்கக் கூடாது, நிமிர்ந்துதான் படுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, ஆடை, மூன்று மணி, வரிசை. வீடியோவும் காட்டினேன்.

முழுக்கக் கேட்டாள். "அப்ப அ-3க்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"நான் அதோட போட்டி போட்டனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூக்கு வலிக்கிறது என்று கையால் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் குரூப்பில் எல்லாம் எழுதினேன். மருந்து எலிகளுக்குப் போகவே இல்லை, என் வரைபடம் தப்பு, என் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள், யாரும் போடாதீர்கள். மூன்று லைக். ஒருவன் 'கஞ்சி விஞ்ஞானி' என்று ஸ்டிக்கர் செய்து போட்டான். நியூரோ மச்சான் குரல் பதிவு அனுப்பினார்: "ப்ரோ, உங்க குடும்பப் பிரச்சினைய இங்க கொண்டு வராதீங்க. நெகட்டிவிட்டி வேணாம்." ஐந்து நிமிடத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள். என் வரைபடம் இன்னும் பின் செய்யப்பட்டு மேலேயே இருக்கிறதாம். என் பெயரோடு.

மாதையன் சாருக்குத் தனியாக எழுதினேன். 'போடாதீங்க சார், நான் சொன்னது தப்பு.'

ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: 'உங்க அக்கா அடுத்த வருஷமும் எழுதறாங்களா தம்பி? போட்டி குறையட்டும்னு பாக்கறீங்களா?'

மே 11, ஞாயிறு

அப்பா வந்தார். அக்காவின் மூக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

எலிகள் ஏழும் கூண்டில் இருக்கின்றன. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் பாம்புக்குத்தான். அக்கா அவற்றுக்குப் பொட்டுக்கடலை போடுகிறாள். வாலில் கோடு அழிந்துவிட்டது. எது அ, எது ஆ என்று எனக்குத் தெரியவில்லை.

மே 17, சனி

காலையில் அக்கா அம்மாவோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போனில் சத்தம் வந்தது. மாதையன் சாரின் மெசேஜ்.

'தம்பி, பையனுக்கு மூணு நாளா தும்மல். இன்னைக்கு மூக்குல ரத்தம். பயப்பட வேணாம்தானே? மருந்து மூளைக் கதவத் தட்டற சத்தம்னு நீங்க எழுதினத ஃபிரேம் போட்டு அவன் டேபிள்ல வச்சிருக்கேன்.'

உடனே கூப்பிட்டேன். எடுத்தார். நிறுத்தச் சொன்னேன். டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். தப்பு, தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"தம்பி, அப்ப அவ்ளோ டேட்டா காட்டினீங்க. இப்ப தப்புன்றீங்க. நான் எதத்தான் நம்பறது? மச்சான் சொல்றாரு உங்கள யாரோ மெரட்டிட்டாங்கன்னு. எலிக்கு வேலை செஞ்சுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து இன்னும் எரிந்தது.

அக்கா ஈரக் கையோடு வந்து போனைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரில் போட்டாள். மூக்கில் இன்னும் பஞ்சு இருந்ததால் குரல் அடைத்துக்கொண்டுதான் வந்தது.

"சார், வணக்கம். அந்த மருந்து மொத்தம் ஒரே ஒரு எலிக்குத்தான் சார் போட்டது."

"யாரும்மா நீங்க?"

"நான்தான் சார் அந்த எலி."

லைன் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு பையன் தும்மினான்.

"சார், மொதல்ல அவனுக்கு மூக்க அமுக்கிப் பிடிச்சு, தலைய முன்னாடி குனிய வைங்க. அண்ணாக்க விடாதீங்க, ரத்தம் உள்ள போயிடும்" என்றாள் அக்கா. பாடத்தில் வருவதை ஒப்பிப்பதுபோல, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "வண்டி இருக்குல்ல? கெளம்புங்க. நான் லைன்லயே இருக்கேன்."